யாரைக் கேட்டுப் பாலம் போட்டாய்?

(கணினி மாணவர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சின்னது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிறோம். இடம் கொடுக்கிற கணினியை ஹோஸ்ட் என்கிறோம். உள்ளே ஓடுகிற மெய்நிகர் கணினியை கெஸ்ட் என்கிறோம். உள்ளே இருக்கிற கெஸ்ட், வெளியே இருக்கிற வலையமைப்போடு எப்படிப் பேசுகிறது? அதற்காக நாம் போடுகிற பாலம், அதாவது நெட்வொர்க் பிரிட்ஜ், எப்படி வேலை செய்கிறது? பல நேரம் ஏன் வேலை செய்ய மறுக்கிறது? இதுதான் இன்றைய பேச்சு.

மெய்நிகர் கணினி ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை உங்களில் பாதிப் பேராவது திறந்திருப்பீர்கள். நெட்வொர்க் அமைப்பில் ‘பிரிட்ஜ்டு அடாப்டர்’ என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். சீனியர் ஒருவர் ‘பிரிட்ஜ்டு போடுடா’ என்றிருப்பார், போட்டிருப்பீர்கள். சிலருக்கு உடனே வேலை செய்திருக்கும். சிலருக்கு, இருந்த நெட்டும் போயிருக்கும். ஏன் வந்தது? தெரியாது. ஏன் போனது? அதுவும் தெரியாது. தெரியாமலே வருவதும் தெரியாமலே போவதும் நம் தொழிலுக்கு அழகா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலம் போடுவது என்றால், ஏற்கெனவே இருக்கிற ஒரு வலையமைப்பில் புதிதாக ஒரு உறுப்பினரைச் சேர்ப்பது. புது ஆளைச் சேர்க்க, இருக்கிறவர்கள் சம்மதிக்க வேண்டும். பாலம் வேலை செய்யவில்லையா? யாரோ ஒருவர் சம்மதிக்கவில்லை என்று பொருள். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், பாலம் இல்லாத வழியைப் பார்ப்போம். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே தருகிற அமைப்பின் பெயர் நாட். அதில் கெஸ்ட்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். உங்களுக்கும் அதே 10.0.2.15. உங்கள் நண்பருக்கும் அதே 10.0.2.15. எப்படி மோதாமல் இருக்கிறது? அந்த முகவரி ஹோஸ்ட்டை விட்டு வெளியே போவதே இல்லை. வெளியே போகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஹோஸ்ட்டின் முகவரிதான் இருக்கும். மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வரும் கடிதத்தில் ‘மே/பா’ என்று போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதுவோமே, அந்தக் கதைதான். தபால்காரருக்கு வீட்டுக்காரரைத்தான் தெரியும். மாடியில் ஆள் இருப்பதே தெரியாது. பாலம் போட்டால், மாடிக்குத் தனிக் கதவு எண் வந்துவிடுகிறது.

நாட் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. அதனால்தான் அது எங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வெளியே இருக்கிறவர் முதலில் பேச்சைத் தொடங்கிக் கெஸ்ட்டைக் கூப்பிட முடியாது. கெஸ்ட்டில் ஒரு வெப் சர்வர் ஓட்டுகிறீர்கள். பக்கத்து மேசை நண்பர் அதைத் திறக்க வேண்டும். நாட்டில் முடியுமா? ஒவ்வொரு போர்ட்டாக ஃபார்வர்டு செய்து சமாளிக்கலாம். ஒன்று இரண்டு என்றால் சரி. பத்து சேவை என்றால்? அங்கேதான் பாலம் தேவைப்படுகிறது.

இந்தப் பாலத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 1972-இல் ஐபிஎம் நிறுவனம் விஎம்/370-ஐ அறிவித்தது. ஒரே பெரிய இயந்திரத்தில் பலருக்கும் ஆளுக்கொரு மெய்நிகர் கணினி. அடுத்த ஆண்டு, 1973-இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. ஆனால் ஒன்றுக்கொன்று அறிமுகமாகப் பல ஆண்டுகள் ஆயின.

அந்தக் கால ஈதர்நெட் என்பது ஒரு தடித்த கேபிள். ஒரு துண்டு 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதில் இணைந்த எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் பேச வேண்டும்; இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். அப்படியானால் இரண்டு கேபிள்களை எப்படி இணைப்பது? 1980-களில் பிரிட்ஜ் என்ற பெட்டி வந்தது. இந்தப் பக்கம் கேட்டதை, தேவையென்றால் மட்டும், அந்தப் பக்கம் சொல்லும். பிறகு அதே பெட்டி பல போர்ட்டுகளோடு வளர்ந்து, இன்று உங்கள் ஆய்வகத்துச் சுவரில் ஸ்விட்ச் என்ற பெயரில் மினுக்கிக்கொண்டிருக்கிறது. 1999-இல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வந்து, மெய்நிகர் கணினி நம் மேசைக்கு இறங்கியது. அந்தப் பெட்டி செய்த வேலையை ஹோஸ்ட்டுக்குள் மென்பொருளே செய்யத் தொடங்கியது. இன்று லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே அந்தப் பாலம் இருக்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரே ஒரு பிங் அடித்துப் பார்ப்போம். ஹோஸ்ட் ஒரு லினக்ஸ் கணினி. அதன் முகவரி 192.168.1.20. உள்ளே, லினக்ஸின் மெய்நிகர் வசதியான கேவிஎம்மில் ஓடும் கெஸ்ட்டின் முகவரி 192.168.1.50. ரவுட்டர் 192.168.1.1. கெஸ்ட்டிலிருந்து ரவுட்டருக்கு பிங் போக வேண்டும்.

கெஸ்ட் தன்னிடம் ஒரு ஈதர்நெட் கார்டு இருப்பதாக நம்புகிறது. கையில் எடுத்துப் பார்க்க அப்படி ஒரு கார்டு கிடையாது. அது வெறும் மென்பொருள். ஆனால் அதற்கும் 48 பிட் மேக் முகவரி உண்டு. கேவிஎம் என்றால் வழக்கமாக 52:54:00 என்று தொடங்கும். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 08:00:27. விஎம்வேர் என்றால் பெரும்பாலும் 00:50:56 போன்ற தொடக்கம். ஆகவே, அனுபவமுள்ள நெட்வொர்க் நிர்வாகி முதல் மூன்று எண்களைப் பார்த்ததுமே, ‘யாரோ விஎம் ஓட்டுகிறார்’ என்று சொல்லிவிடுவார். நீங்கள் ஒளித்து வைக்க முடியாது!

ரவுட்டரின் மேக் முகவரி கெஸ்ட்டுக்குத் தெரியாது. அதனால் முதலில் எல்லோரையும் பார்த்துக் கேட்கிறது: ‘192.168.1.1 யார்? நான் 192.168.1.50.’ இதற்கு ஏஆர்பி கேள்வி என்று பெயர். அந்தக் கேள்வி ஒரு ஃபிரேமுக்குள் ஏறுகிறது. பெறுபவர் இடத்தில் ‘எல்லோருக்கும்’ என்று இருக்கும். அனுப்புபவர் இடத்தில் கெஸ்ட்டின் மேக் முகவரி. ஃபிரேம், கெஸ்ட்டின் பொய்க் கார்டிலிருந்து கிளம்பி, ஹோஸ்ட்டின் பக்கம் ‘விநெட்0’ என்ற முனையில் வெளியே வருகிறது. அந்த முனை பாலத்தோடு இணைந்திருக்கிறது.

பாலம் இப்போது இரண்டு வேலை செய்கிறது. அனுப்பியவர் முகவரியைப் பார்த்து, ‘52:54:00 என்று தொடங்குகிற இந்த ஆள், விநெட்0 பக்கம் இருக்கிறார்’ என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. ‘எல்லோருக்கும்’ என்றிருப்பதால், ஃபிரேமை மற்ற எல்லாப் பக்கமும் அனுப்புகிறது. ஹோஸ்ட்டுக்கும் ஒரு பிரதி. நிஜமான ஈதர்நெட் கார்டு வழியாக வெளியேயும் ஒரு பிரதி. சுவரில் இருக்கிற ஸ்விட்சும் அதே மாதிரி எழுதிக்கொண்டு, அதே மாதிரி பரப்புகிறது. ரவுட்டர் கேட்டுவிட்டது.

ரவுட்டர் பதில் சொல்கிறது. அந்தப் பதில் கெஸ்ட்டின் மேக் முகவரிக்கு வருகிறது. இங்கே ஒரு நுட்பம். ஹோஸ்ட்டின் நிஜக் கார்டுக்குத் தனியாக ஒரு மேக் முகவரி உண்டு. தனக்கு வராத ஃபிரேமைக் கீழே போட்டுவிடுவது அதன் இயல்பு. ஆனால் பாலத்தில் சேர்த்ததும் அந்தக் கார்டு ‘புராமிஸ்குவஸ்’ என்ற நிலைக்கு மாறுகிறது: யாருக்கு வந்தாலும் வாங்கு. வாங்குகிறது. பாலம் அட்டவணையைப் பார்க்கிறது. ‘இவர் விநெட்0 பக்கம்.’ அங்கே மட்டும் அனுப்புகிறது. கெஸ்ட்டுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி பிங் போகும், வரும்.

இதில் ஐபி முகவரியைப் பாலம் ஒரு தடவையாவது பார்த்ததா? பார்க்கவில்லை! அது மேக் முகவரியை மட்டும் பார்த்தது. எழுதிக்கொண்டது. அனுப்பியது. 300 விநாடி அந்த ஆளிடமிருந்து சத்தமே இல்லையென்றால், எழுதியதை அழித்துவிடும். ‘கெஸ்ட்டின் ஐபி சரியாகத்தானே இருக்கிறது’ என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள், பாலம் பார்க்கவே பார்க்காத இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி சம்மதத்துக்கு வருவோம். யார் யார் சம்மதிக்க வேண்டும்?

முதலில் ஹோஸ்ட். கார்டைப் பாலத்தில் சேர்த்த நிமிடத்திலிருந்து அந்தக் கார்டு வெறும் வழி. ஹோஸ்ட்டின் ஐபி முகவரி கார்டில் இருக்கக் கூடாது. பாலத்தின் பெயரில் இருக்க வேண்டும். இதை மறந்து, தொலைவில் இருக்கிற சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக உட்கார்ந்துகொண்டு, கார்டைத் தூக்கிப் பாலத்தில் சேர்த்தால் என்ன ஆகும்? என்டர் தட்டுகிறீர்கள். திரை அப்படியே நிற்கிறது. உட்கார்ந்திருந்த கிளையை நீங்களே வெட்டிவிட்டீர்கள்! முகவரி மாற்றத்தையும் பாலத்தையும் ஒரே கோப்பில் எழுதி, ஒரே அடியில் மாற்ற வேண்டும். அல்லது சர்வருக்கு நேரில் போக வேண்டும்.

இரண்டாவது, சுவரில் இருக்கிற ஸ்விட்ச். பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் போர்ட் செக்யூரிட்டி போட்டிருப்பார்கள். ஒரு போர்ட்டுக்கு ஒரே ஒரு மேக் முகவரி. நீங்கள் பாலம் போட்டதும் அதே போர்ட்டில் இரண்டாவது முகவரி முளைக்கிறது. ஸ்விட்ச் என்ன நினைக்கும்? யாரோ திருட்டுத்தனமாகக் கணினி கொண்டுவந்து செருகியிருக்கிறார் என்று நினைக்கும். சிஸ்கோ ஸ்விட்ச்சில் இதற்கு வழக்கமான தண்டனை, போர்ட்டையே மூடிவிடுவது. கெஸ்ட்டும் போயிற்று, ஹோஸ்ட்டும் போயிற்று. ‘பிரிட்ஜ் போட்டேன், இருந்த நெட்டும் போச்சு’ என்றவர்களே, உங்களில் சிலர் கதை இதுதான். சர்வர் வாடகைக்குத் தருகிற இடங்களிலும் பதிவு செய்யாத மேக் முகவரியைத் தடுத்து வைத்திருப்பது சாதாரணம். கேட்டு வாங்கினால் தருவார்கள். கேட்காமல் போட்டால் மூடுவார்கள்.

மூன்றாவது, வைஃபை. இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். கேபிளில் போட்டால் வேலை செய்த அதே பாலம், வைஃபையில் ஏன் வேலை செய்வதில்லை? சாதாரண வைஃபை இணைப்பில் ஒவ்வொரு கருவியும் அக்செஸ் பாயின்ட்டிடம் முதலில் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தது உங்கள் லேப்டாப், கெஸ்ட் பதியவில்லை. அதோடு, கருவிக்கும் அக்செஸ் பாயின்ட்டுக்கும் இடையே போகிற ஃபிரேமில் மூன்று முகவரிகளுக்குத்தான் இடம். காற்றில் அனுப்புபவரும் செய்தியின் சொந்தக்காரரும் ஒரே ஆள் என்பது அதில் வைத்த கணக்கு. பாலம் போட்டால் அவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். இரண்டாவது ஆளை எழுத இடமில்லை. அதனால் லினக்ஸே முன்கூட்டி, ‘வைஃபை கார்டைப் பாலத்தில் சேர்க்க முடியாது’ என்று மறுத்துவிடுகிறது.

நான்கு முகவரி முறை ஒன்று உண்டு. ஆனால் அதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் வேறு தந்திரம் செய்கிறது: வெளியே போகிற ஃபிரேமில் கெஸ்ட்டின் மேக் முகவரியை எடுத்துவிட்டு, ஹோஸ்ட்டின் முகவரியை ஒட்டிவிடுகிறது. பல நேரம் பலிக்கிறது. சில நேரம் பலிப்பதில்லை. வைஃபை லேப்டாப்பில் நாட்டே நல்லது. பாலம் வேண்டுமானால் கேபிளைத் தேடுங்கள்.

நான்காவது, ஹோஸ்ட்டின் ஃபயர்வால். பாலத்தின் மேல் போகிற ஃபிரேம்களையும் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் சோதிக்கும்படி லினக்ஸில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு நாள் ஹோஸ்ட்டில், கன்டெய்னர்களை ஓட்டுகிற டாக்கரை நிறுவுகிறீர்கள். டாக்கர் தன் பாதுகாப்புக்காக, ஹோஸ்ட் வழியாகக் கடந்து போகிற போக்குவரத்துக்கு ‘கைவிடு’ என்ற கொள்கையைப் போட்டுவிடுகிறது. நேற்று வரை பேசிக்கொண்டிருந்த கெஸ்ட் இன்று ஊமை. கெஸ்ட்டில் எதையுமே நீங்கள் தொடவில்லை. பாலத்தையும் தொடவில்லை. பிறகு யார் மாறினார்? நடுவில் புதிதாக வந்து உட்கார்ந்த காவலர் மாறினார்.

ஐந்தாவது, காலம். ஆமாம், காலமும் சம்மதிக்க வேண்டும்! இரண்டு பாலங்களை இரண்டு வழியில் இணைத்துவிட்டால், ‘எல்லோருக்கும்’ என்று போட்ட ஒரே ஒரு ஃபிரேம் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே இருக்கும். சில விநாடிகளில் வலையமைப்பே மூச்சு முட்டிவிடும். இதைத் தடுக்க வழி கண்டவர் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது அவர் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை 1985-இல் வெளியானது. எத்தனை வழி இருந்தாலும், சுற்று இல்லாத ஒரு மரத்தை மட்டும் திறந்து வைத்து, மிச்சத்தை மூடி வைக்கும் முறை அது. அந்த முறையைச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு குட்டிக் கவிதையும் எழுதினார். 1990-இல் அது ஐஇஇஇ தரமாயிற்று.

அந்தப் பழைய தரத்தின்படி, புதிதாக வந்த போர்ட் 15 விநாடி கேட்க வேண்டும், இன்னும் 15 விநாடி கற்க வேண்டும், பிறகுதான் அனுப்பலாம். ஆக 30 விநாடி. கெஸ்ட்டோ அதற்குள் எழுந்து, டிஹெச்சிபியிடம் முகவரி கேட்டு, பதில் வராமல் களைத்துவிடுகிறது. கையால் மறுபடி கேட்டால் உடனே கிடைக்கிறது. ‘முதல் தடவை வரவில்லை, இரண்டாம் தடவை வந்துவிட்டது’ என்ற மர்மத்துக்கு இது ஒரு காரணம். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஆறாவது சம்மதம், கெஸ்ட்டுகளுக்கு இடையிலேயே. ஒரு மெய்நிகர் கணினியை அப்படியே நகல் எடுத்து, மேக் முகவரியை மாற்றாமல் இரண்டையும் ஓட்டினால்? பாலம் இப்போதுதான் ‘விநெட்0’ என்று எழுதியது, அடுத்த நொடி ‘விநெட்1’ என்று திருத்துகிறது, மறுபடி ‘விநெட்0’. பாதிப் பாக்கெட் இவருக்கு, பாதி அவருக்கு. பாலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டதைத்தான் அது எழுதுகிறது.

இத்தனை பேரைக் கேட்டு, இத்தனை பாடுபட்டு ஏன் பாலம் போட வேண்டும்? சம்மதம் கிடைத்துவிட்டால் அது தருகிற பலன் பெரியது. கெஸ்ட்டை ஓடுகிற நிலையிலேயே ஒரு ஹோஸ்ட்டிலிருந்து இன்னொரு ஹோஸ்ட்டுக்கு மாற்றலாம். பெயர் லைவ் மைக்ரேஷன். இரண்டு ஹோஸ்ட்டும் பாலம் வழியாக ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். கெஸ்ட் புது இடத்தில் கண் விழித்ததும், கேவிஎம்மோடு சேர்ந்து வேலை செய்கிற கியூஇஎம்யு, கெஸ்ட்டின் மேக் முகவரியைப் போட்டு ஒரு சின்ன அறிவிப்பு ஃபிரேமை அனுப்புகிறது. வழியில் இருக்கிற ஸ்விட்ச்சுகள் தங்கள் அட்டவணையைத் திருத்திக்கொள்கின்றன. கெஸ்ட்டோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு இடம் மாறியதே தெரியாது. அதே ஐபி, அதே மேக், அதே உரையாடல்.

அதே சமயம், எதையெல்லாம் பாலத்தில் விடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். பழைய மென்பொருள் ஒன்றுக்காக விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் கணினியில் வைத்திருக்கிறீர்கள். 2014 ஏப்ரலோடு அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டது. அதைப் பாலத்தில் போட்டால், அந்த வலையமைப்பில் இருக்கிற எல்லோரும் நேராக அதன் கதவைத் தட்டலாம். அந்த ஆபத்து உங்களோடு நிற்காது. பக்கத்துக் கணினிக்கும் போகும். வைரஸ் ஆய்வுக்கென்று வைத்திருக்கும் கெஸ்ட்டும் அப்படியே. அவற்றுக்கு ஹோஸ்ட்-ஒன்லி என்ற அமைப்பு இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் வழக்கமாக 192.168.56 என்று தொடங்குகிற முகவரி. ஹோஸ்ட்டோடு பேசலாம், வெளியே போக முடியாது. ஹோஸ்ட்டோடுகூடப் பேசக் கூடாது என்றால்? இன்டர்னல் நெட்வொர்க் என்று இன்னொன்று இருக்கிறது. பாலம் வலிமையானது என்பதற்காக எல்லாவற்றுக்கும் பாலம் போடுவது விவேகம் அல்ல.

பாலத்துக்கு மாற்றாக, லினக்ஸில் மேக்விடேப் என்று ஒன்று இருக்கிறது. பாலம் கட்டாமலே பாலத்தின் பலனைத் தருவது. அதைப் போட்டவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்ப்பார்கள். கெஸ்ட்டுக்கு ஊரெல்லாம் தெரியும். தன்னைச் சுமக்கிற ஹோஸ்ட்டோடு மட்டும் பேச முடியாது! ஏன்? கெஸ்ட்டின் ஃபிரேம் ஹோஸ்ட்டின் வலைப்பகுதியைத் தொடாமல் நேரே கார்டு வழியாக வெளியே போய்விடுகிறது. வந்த போர்ட் வழியாகவே ஃபிரேமைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் ஸ்விட்சுக்கு இல்லை. கோளாறு என்று நினைத்து ஓஎஸ்ஸைத் திரும்ப நிறுவாதீர்கள். அதன் வடிவமே அப்படி.

நிறைவாக, கையோடு கொண்டுபோக ஒரு முறை சொல்கிறேன். பாலம் வேலை செய்யவில்லையா? போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டுகிற டிசிபிடம்ப்பை எடுங்கள். கெஸ்ட்டில் பிங் ஓடட்டும். முதலில் விநெட்0-இல் பாருங்கள். ஏஆர்பி கேள்வி தெரிகிறதா? தெரியாவிட்டால் சிக்கல் கெஸ்ட்டுக்குள். தெரிந்தால் நிஜக் கார்டில் பாருங்கள். அங்கே தெரியவில்லையா? சிக்கல் பாலத்திலோ ஃபயர்வாலிலோ. அங்கேயும் தெரிந்து, பதில் மட்டும் வரவில்லையா? சிக்கல் வெளியே: ஸ்விட்ச், அல்லது அக்செஸ் பாயின்ட். பதில் கார்டு வரை வந்து, விநெட்0-க்கு வரவில்லையா? மறுபடி ஹோஸ்ட்டின் ஃபயர்வாலையும், ஒரே மேக் முகவரியில் இரண்டு கெஸ்ட் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ஃபிரேம் எங்கே நின்றதோ, சம்மதிக்காதவர் அங்கேயே இருக்கிறார். கிடைத்த கமாண்டையெல்லாம் அடித்துப் பார்ப்பதைவிட, இந்த நான்கு பார்வை சீக்கிரம் முடியும்.

உங்கள் வீட்டு வலையமைப்பில் நீங்களே ராஜா. விருப்பம்போல் பாலம் போடுங்கள், உடையுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். கல்லூரியிலும் அலுவலகத்திலும், நிர்வாகியிடம் போய், ‘ஐயா, இந்தப் போர்ட்டில் இந்த மேக் முகவரியோடு ஒரு மெய்நிகர் கணினி ஓட்டப்போகிறேன்’ என்று சொல்லுங்கள். அவர் மறுத்தால் காரணம் கேளுங்கள். அந்தக் காரணத்திலேயே ஒரு பாடம் இருக்கும். அவர் சம்மதித்தால், அந்தக் கெஸ்ட்டைப் புதுப்பித்து, பாதுகாத்து வைப்பது உங்கள் பொறுப்பு. ஏனென்றால் அது இப்போது எல்லோருடைய வலையமைப்பிலும் ஓர் உறுப்பினர்.